குதிரைத் தோல்: எங்கே வாங்குவது, எப்படிப் பதனிடுவது? சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரியமேட்டுக்குத் தோல் வாங்க வருகிறவர்களில் இப்போது புதிதாக ஒரு கூட்டம் சேர்ந்திருக்கிறது. பர்ஸ், பெல்ட், ஷூ என்று கையால் தைத்து விற்கும் இளைஞர்கள். ஆடு, மாடு, எருமை எல்லாம் பார்த்துவிட்டு, "அண்ணே, குதிரைத் தோல் கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். சொந்தமாகக் குதிரை வளர்த்தவர்களும் கேட்பதுண்டு. பல வருடம் கூட இருந்த குதிரை இறந்தபிறகு அதன் தோலையாவது வைத்துக்கொள்ளலாமா என்பது அவர்கள் கேள்வி. இரண்டு தரப்புக்கும் நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

சென்னைக் கடைகளில் குதிரைத் தோல் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. சைடன்ஹாம்ஸ் சாலையிலும் அதன் சந்துகளிலும் நாள் முழுக்க அலைந்தாலும் வெள்ளாடு, செம்மறி, மாடு, எருமைதான். காரணம் எளிது. தோல் எப்போதும் இறைச்சியின் பின்னால் வரும் பொருள். எந்த நாட்டில் எந்த இறைச்சி விற்கிறதோ அந்த நாட்டில் அந்தத் தோல் மலியும். நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளில் இறைச்சிக்கென்று அனுமதித்திருக்கும் விலங்குகளில் குதிரையும் கழுதையும் இல்லை. ஆகவே குதிரைக்கு முறையான அறுப்புக்கூடம் இல்லை, அதிலிருந்து வரும் தோலும் இல்லை.

பிரான்ஸ், இத்தாலி, போலந்து, கனடா, கஜகஸ்தான், மங்கோலியா, ஜப்பான் போன்ற நாடுகளில் குதிரை இறைச்சி சாப்பிடும் வழக்கமோ வியாபாரமோ உண்டு. உலகச் சந்தையில் புழங்கும் குதிரைத் தோல் பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களிலிருந்துதான் வருகிறது.

கிண்டியில் ரேஸ் குதிரைகள், மெரினாவில் சவாரிக் குதிரைகள் இருக்கின்றனவே. அவை இறந்தால் தோல் என்ன ஆகிறது?

பொதுவாகப் புதைத்துவிடுகிறார்கள். அதுதான் சரியும்கூட. அந்தத் தோல் கைக்கு வந்தாலும் நீங்கள் நினைக்கிற பொருள் அதிலிருந்து வராது. ரேஸ் குதிரைக்குத் தோல் மெலிசு. மெரினாவில் மணலில் நடக்கும் குதிரைகளோ உருவத்தில் சிறியவை. நல்ல கனமான பின்பகுதித் தோல் வேண்டுமானால் வண்டி இழுக்கும், ஏர் உழும் பெரிய ஜாதிக் குதிரை வேண்டும். அந்த ஜாதி நம் ஊரில் இல்லை.

நாட்டில் குதிரையே குறைந்துகொண்டு வருகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுக்கக் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து சுமார் 3.4 லட்சம். அதற்கு முந்தைய 2012 கணக்கில் 6 லட்சத்துக்கும் மேல். ஏழு வருடத்தில் கிட்டத்தட்ட பாதி போய்விட்டது.

"குதிரைத் தோல் இருக்கு, வேணுமா" என்று போனில் யாராவது சொன்னால் வாங்கலாமா?

வேண்டாம். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். அந்தக் குதிரை எங்கே, எப்படி இறந்தது, எந்தக் கால்நடை மருத்துவர் பார்த்தார் என்ற மூன்றுக்கும் காகிதத்தோடு பதில் வராவிட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணங்கள் உண்டு. முதலாவது, கழுதைக்கு நடந்தது. கழுதைத் தோலைக் காய்ச்சி எடுக்கும் ஒரு பசை சீன மருத்துவத்தில் எஜியாவோ என்ற பெயரில் பெரிய விலைக்குப் போகிறது. அந்தத் தேவைக்காக உலகின் பல பகுதிகளில் கழுதைகளைத் திருடி அறுக்கிறார்கள். இந்தியாவில் 2012-க்கும் 2019-க்கும் இடையில் கழுதைகள் சுமார் 61 சதவீதம் குறைந்து, 1.2 லட்சமாகிவிட்டன. வேலையில்லாமல் போனதும் ஒரு காரணம்தான், ஆனால் கள்ள வியாபாரத்துக்கும் அதில் பங்கு உண்டு. குதிரைத் தோலுக்கு இங்கே ஒரு கள்ளச் சந்தை உருவானால் குதிரைக்கும் அதே கதிதான். வாங்க ஆள் இருக்கும் வரை விற்க ஆள் வந்துகொண்டே இருப்பான்.

அடுத்தது நோய். கிளாண்டர்ஸ் என்று ஒரு தொற்று, குதிரை இனத்துக்கே உரியது. மூக்கில் சீழ் ஒழுகும், தோலில் வரிசையாகக் கட்டிகள் வந்து உடையும். கையில் இருக்கும் ஒரு சின்ன வெட்டுக்காயம் வழியாகக்கூட மனிதனுக்குத் தொற்றும், உயிரையும் எடுக்கும். இந்தியாவில் பல வருடம் அடங்கிக் கிடந்து, 2006-இல் மகாராஷ்டிரத்தில் திரும்பத் தலைகாட்டியது. அதற்குப் பிறகு பல மாநிலங்களில் வந்திருக்கிறது. ஆந்த்ராக்ஸ் இன்னும் மோசம். அந்தக் கிருமியின் வித்துகள் உப்பிலும் சாகாது, வெயிலிலும் சாகாது. மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். செத்த விலங்கின் தோலைத் தொட்டு வேலை செய்தவர்களுக்கு அது தொற்றியது தோல் தொழிலின் பழைய சோகங்களில் ஒன்று.

என் குதிரை இறந்துவிட்டால் அதன் தோலை நானே வைத்துக்கொள்ள முடியுமா?

முடியும், ஆனால் முடிவு உங்களுடையது இல்லை, கால்நடை மருத்துவருடையது. குதிரை திடீரென்று விழுந்து இறந்திருந்தாலோ, மூக்கு, வாய், ஆசனவாயில் கறுப்பாக உறையாத இரத்தம் தெரிந்தாலோ கத்தியை எடுக்கவே கூடாது. அது ஆந்த்ராக்ஸாக இருக்கலாம். உடலைத் திறந்த அடுத்த நிமிடமே வித்துகள் காற்றுக்கும் மண்ணுக்கும் பரவ ஆரம்பிக்கும். கிளாண்டர்ஸ் சந்தேகம் என்றாலும் அப்படித்தான். 2009-இல் வந்த விலங்கு நோய்த்தடுப்புச் சட்டப்படி இவற்றைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். உடலை அப்படியே, தோலோடு, ஆழமாகப் புதைக்க வேண்டும்.

வயதாகியோ, கால் உடைந்தோ, வயிற்று வலியிலோ இறந்தது என்று மருத்துவர் உறுதி சொன்னால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1903-இல் தொடங்கிய கல்லூரி, குதிரை பார்த்துப் பழகியவர்கள் அங்கே உண்டு. இறப்புக்கான காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். தோல் பதனிடும் ஷாப்பில் அந்தக் காகிதத்தைக் கேட்பார்கள். கேட்காத ஷாப் என்றால் நீங்களே யோசிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். வலி தாங்காத குதிரையை ஊசி போட்டு உறங்கவைத்திருந்தால் அந்த மருந்து உடல் முழுக்க இருக்கும். நாய், காக்கை, கழுகு எது தின்றாலும் சாகும். தோலை எடுத்துவிட்டு மீதியை எங்கேயாவது போட்டுவிட்டு வருவது பெரிய பாவம். ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

தோலை உரித்தவுடன் என்ன செய்ய வேண்டும்?

சென்னை வெயிலில் உங்களிடம் நாலைந்து மணி நேரம்தான் இருக்கிறது. அதற்குள் உப்பு ஏறியிருக்க வேண்டும்.

உரிக்கும்போது வயிற்றின் நடுக்கோட்டில் வகிர்ந்து, கால்களின் உட்பக்கமாக வரவேண்டும். வால் அடியிலிருந்து இரண்டு பக்கமும் இருக்கும் பிட்டப் பகுதியில் கத்தி சதைப்பக்கம் கீறிவிடக் கூடாது. மாட்டுத் தோலில் சதைப்பக்கம் ஒரு கீறல் விழுந்தால் சீவி எடுத்துவிடலாம். குதிரையின் விலையுயர்ந்த அடுக்கு (ஷெல் என்பார்கள், பின்னால் சொல்கிறேன்) அந்தப் பக்கத்துக்கு நெருக்கமாகத்தான் இருக்கிறது, அதனால் அங்கே விழுந்த கீறல் கடைசிவரை தெரியும்.

சதையும் கொழுப்பும் ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். குதிரைக் கொழுப்பு இளகியது, நம் ஊர்ச் சூட்டில் எண்ணெயாக உருகித் தோலுக்குள் இறங்கும். பிடரிப் பக்கம் ரொம்ப அதிகம். அது இருக்கும் இடத்தில் உப்பு ஏறாது. அப்புறம் தோலைச் சற்றுச் சரிவான தரையில் சதைப்பக்கம் மேலாக விரித்து, கல்லுப்பை நொறுக்கித் தேய்க்க வேண்டும். கணக்கு, தோலின் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. 20 கிலோ தோல் என்றால் 8 முதல் 10 கிலோ உப்பு. கழுத்து, காது, கால் மடிப்பு, ஓரங்கள் எல்லாவற்றிலும் கைவைத்துத் தேயுங்கள். முதலில் அழுகுவது அந்த இடங்கள்தான். ஒரு நாளில் தண்ணீர் வடிந்து ஓடும். பழைய உப்பை உதறிவிட்டுப் புதிதாக இன்னொரு தடவை போடுங்கள்.

கெட்டுப்போயிற்றா என்று பார்க்க ஒரே சோதனை போதும். விலாப் பக்கம் ஒரு பிடி முடியை விரலால் பிடித்து இழுங்கள். முடி வராமல் தோல் தூக்கிக்கொண்டு வந்தால் நல்லது. முடி கொத்தாக, அடியில் பிசுபிசுப்போடு கையில் வந்துவிட்டால் அழுகல் தொடங்கிவிட்டது. அதற்குமேல் எந்த மேஸ்திரியாலும் மேல்தோலைக் காப்பாற்ற முடியாது.

மொட்டை மாடியில் நானே பதனிடலாமா?

கூடாது. சிறிய முயல் தோல், ஆட்டுத் தோல் என்றால் பழகிப் பார்க்கிறார்கள், சரி. குதிரைத் தோல் அந்த அளவு இல்லை. முடியை எடுக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள். அது தோலையும் கண்ணையும் அரிக்கும். அது இருக்கும் தண்ணீரில் தவறி அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். சில மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். தோல் ஷாப்புகளில் குழியைச் சுத்தம் பண்ண இறங்கியவர்கள், தூக்கப் போனவர்கள் என்று சேர்ந்தே இறந்த சம்பவங்கள் நம் மாநிலத்தில் ஒன்றிரண்டு அல்ல.

கழிவுநீர் இன்னொரு பக்கம். பாலாற்றங்கரையில் தோல் கழிவு நிலத்தையும் கிணற்றையும் என்ன செய்தது என்று வேலூர் மாவட்டத்து விவசாயிகளைக் கேளுங்கள். அந்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில்தான் மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நம் சட்டத்தின் பகுதி என்று ஆனது. 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் இறந்தார்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருந்த இடத்திலேயே அப்படி. அடுக்குமாடி வீட்டின் சாக்கடையில் சல்பைடையும் குரோமையும் ஊற்ற நமக்கு எந்த உரிமையும் இல்லை.

அப்படியானால் யாரிடம் கொடுப்பது?

பல்லாவரம், நாகல்கேணி, மாதவரம் பக்கம் ஷாப்புகள் இருக்கின்றன, கொஞ்சம் தள்ளிப் போனால் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி. கூலிக்குப் பதனிட்டுத் தருபவர்கள் உண்டு. சிக்கல் என்னவென்றால் நூற்றுக்கணக்கான தோலுக்கு ஒரு டிரம் சுற்றும் இடத்தில் உங்கள் ஒற்றைத் தோலுக்குத் தனிச் சமையல் கிடைக்காது. மாட்டுத் தோலோடு சேர்த்துப் போட்டுவிடுவார்கள். முன்பகுதி கொழகொழத்து, பின்பகுதி உள்ளே வேகாமல், அதாவது பதம் ஏறாமல் வரும். மாதிரி அளவு டிரம் வைத்திருக்கும் இடமாகப் பாருங்கள்.

அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தை, எல்லோரும் சொல்கிற சி.எல்.ஆர்.ஐ.-யை, முதலில் அணுகுங்கள் என்பதுதான் என் யோசனை. 1948-இலிருந்து நடக்கும் நிறுவனம். உள்ளேயே மாதிரித் தோல் ஷாப்பும் சோதனைக்கூடமும் உண்டு, பயிற்சியும் தருகிறார்கள். பெரிய பெரிய பதனிடும் குடும்பங்களின் பிள்ளைகளே அங்கே போய்ப் படித்துவிட்டு வருகிறார்கள், நமக்கென்ன தயக்கம்?

குரோமா, பட்டையா?

ஜாக்கெட், கையுறை, பை என்றால் குரோம். வாரம் பத்து நாளில் முடியும். மென்மையாக வரும், ஈரத்துக்குத் தாங்கும். தோலை அமிலமும் உப்பும் கலந்த நீரில் பி.எச். 3 அளவுக்குக் கொண்டுவந்து, குரோமியம் சல்பேட் கொடுத்து, பிறகு மெல்ல 3.8 வரை ஏற்றுவார்கள். வெந்துவிட்டதா என்று பார்க்க ஒரு துண்டை வெட்டி, தாளில் வைத்து அதன் ஓரத்தைப் பென்சிலால் வரைந்துகொள்வார்கள். இரண்டு நிமிடம் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்து, அதே கோட்டின் மேல் வைப்பார்கள். கோட்டுக்கு உள்ளே சுருங்கியிருந்தால் இன்னும் வேலை பாக்கி.

பெல்ட், கத்தி தீட்டும் வார், ஷூ என்றால் பட்டை, அதாவது மரப்பட்டைச் சாறில் பதனிடுவது. நம் ஊரின் பழைய ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) முறைக்கு ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் அடிப்படை. இன்றைக்கு வாட்டில் மரப்பட்டைச் சாறு அதிகம் புழங்குகிறது. ஆவாரம் நல்ல நிறமும் பிடிப்பும் கொடுக்கும், ஆனால் வெளிச்சம் பட்டால் தோல் சிவந்துபோகும். கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் போடுவது அதைத் தடுக்கத்தான். தலைமுறை தலைமுறையாகக் கையால் செய்து கண்ட அறிவு அது. எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை.

குதிரைக்குப் பட்டை வைப்பதில் அவசரமே கூடாது. சுண்ணாம்பு முடிந்ததும் முன்பகுதியையும் பிட்டப் பகுதியையும் குறுக்காக வெட்டிப் பிரித்துவிட வேண்டும். முன்பகுதி மெல்லியது, தளர்ந்த நெசவு. பின்பகுதி அப்படியே எதிர். ஒரே குழியில் இரண்டும் ஒத்துப்போகாது. முதலில் பழைய, நீர்த்த பட்டைத் தண்ணீர், பிறகு படிப்படியாகக் கெட்டியானது. எடுத்த எடுப்பிலேயே கெட்டிச் சாறில் போட்டால் வெளித்தோல் வெந்து இறுகிக்கொள்ளும், நடுவில் பச்சையாகவே நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பிட்டத்தின் தடித்த இடத்தில் கத்தியால் ஒரு சிறு வெட்டு போட்டு, வெட்டின் முகத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் பழுப்பாக, நடுவில் நூல் மாதிரி ஒரு வெளிறிய கோடு ஓடும். அதன்மேல் ஒரு சொட்டு அசிட்டிக் அமிலம் வைத்தால் பச்சையாக இருக்கும் பகுதி உப்பி, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும். அந்தக் கோடு மறையும் வரை தோல் குழியிலேயே கிடக்கட்டும். வாரக்கணக்கில் ஆகும்.

ஷெல் கார்டோவன் என்கிறார்களே, அது என்ன? இங்கே செய்ய முடியுமா?

குதிரையின் பிட்டத்தில், மேல்தோலுக்குக் கீழே, நெருக்கி நெய்த நார் அடுக்கு ஒன்று இரண்டு பக்கமும் முட்டை வடிவில் இருக்கிறது. அதுதான் ஷெல். பட்டையில் மெல்லப் பதனிட்டு, எண்ணெயும் கொழுப்பும் சூடாக ஏற்றி, கண்ணாடிப் பலகையில் ஒட்டிக் காயவைத்து, சதைப்பக்கத்திலிருந்து அந்த அடுக்கு வெளிப்படும்வரை கையால் சீவி, சாயம் பூசி, அழுத்தித் தேய்த்து மினுக்குவார்கள். சிகாகோவில் 1905-இல் தொடங்கிய ஹார்வீன் நிறுவனத்தில் இதற்கு ஏறக்குறைய ஆறு மாதம் ஆகிறது. ஜப்பானின் ஹிமேஜியில் ஷிங்கி ஹிகாகு என்ற நிறுவனம் செய்கிறது. ஒரு குதிரைக்கு இரண்டே ஷெல் என்பதால் விலை அப்படி.

இங்கே செய்ய முடியுமா என்றால், கை இருக்கிறது, பட்டை இருக்கிறது, தோல் இல்லை. வெளிநாட்டிலிருந்து முறையாக உப்புப் போட்ட பிட்டத் தோலை வரவழைத்து, யாராவது பொறுமையாக ஒரு வருடம் முயன்றால் ஆவாரம்பட்டையில் ஒரு நல்ல ஷெல் இங்கே வரும் என்று நான் மனதார நம்புகிறேன்.

கார்டோவன் என்று சொல்லி விற்பது அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கார்டோவன் என்பது ஒரு கருஞ்சிவப்பு நிறத்தின் பெயராகவும் புழங்குகிறது. ஆகவே பில்லில் "கார்டோவன்" என்று மட்டும் இருந்தால் அது மாட்டுத் தோலாகவும் இருக்கலாம். "குதிரை, ஷெல்" என்று எழுதிக் கேளுங்கள்.

பிறகு மடித்துப் பாருங்கள். மாட்டுத் தோல் மடிந்தால் நெருக்கமான மெல்லிய சுருக்கங்கள் வரும். ஷெல் உருண்டையாக, அலை அலையாக மடியும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் முடித் துளைகள் இருக்காது, ஏனென்றால் நீங்கள் பார்ப்பது முடி முளைத்த பக்கமே இல்லை.

பதனிட்ட குதிரைத் தோலை இறக்குமதி செய்வது கஷ்டமா?

பச்சைத் தோலைவிட எளிது. சுங்கப் பட்டியலில் மாடும் குதிரையும் ஒரே தலைப்பில் வரும்: பச்சைத் தோல் 4101, பதனிட்டு வேலை முடியாதது 4104, முடித்த தோல் 4107. பச்சைத் தோல் என்றால் கால்நடைத் துறையின் சுகாதார அனுமதியும் ஏற்றுமதி நாட்டின் கால்நடைச் சான்றும் முன்கூட்டியே வேண்டும். துறைமுகத்தில் தடுப்புக்காப்பு அலுவலர் பார்ப்பார். கைவினைஞர்கள் சிலர் சேர்ந்து, முடித்த தோலாக ஒரே பார்சலில் வரவழைப்பதுதான் கட்டுப்படியாகும். அனுப்புகிறவரிடம் எந்த நாட்டுக் குதிரை, இறைச்சிக்கான அறுப்பின் உபபொருள்தானா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நல்ல நிறுவனங்கள் மறைக்காமல் சொல்லும்.

முடியோடு பதனிட முடியுமா?

முடியும். வளர்த்த குதிரையின் நினைவாக வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். சுண்ணாம்பும் சல்பைடும் கிடையாது. நன்றாகக் கழுவி, கொழுப்பு நீக்கி, அமில உப்பு நீரில் போட்டு, படிகாரமோ குரோமோ கொடுப்பார்கள். உப்புப் போடுவதில் ஒரு மணி நேரம் தாமதித்தால்கூட பின்னால் முடி உதிரும்.

மழைக்காலத்தில் பூஞ்சை வராமல் எப்படி வைப்பது?

ஐப்பசி கார்த்திகையில் பட்டைத் தோல் எல்லாவற்றுக்கும் இந்தத் தொல்லை உண்டு. பாலித்தீன் பையில் கட்டி வைக்கவே கூடாது. பருத்தித் துணியில் சுற்றி, சுவரை ஒட்டாமல், காற்றுப் படும் அலமாரியில் வையுங்கள். வெள்ளைப் படலம் வந்தால் உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள். குதிரைத் தோலில் சில சமயம் வருவது பூஞ்சையாக இல்லாமல் உள்ளிருந்து கசிந்த கொழுப்பாகவும் இருக்கும். ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டுங்கள், உருகி மறைந்தால் கொழுப்பு.

கத்தி தீட்டும் வாருக்குக் குதிரைத் தோல்தான் வேண்டுமா? மாற்று உண்டா?

ஷெல் வார் அருமையானது, அதை மறுக்கவில்லை. ஆனால் முதல் வாருக்கு அது தேவையில்லை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட எருமை அல்லது மாட்டுத் தோலின் முதுகுப் பகுதியை, 3 மில்லிமீட்டர் கனத்துக்குக் குறையாமல், நீளவாக்கில் வெட்டி வாங்குங்கள். பெரியமேட்டிலேயே கிடைக்கும். கழுத்தும் வயிறும் இழுபடும், வேண்டாம். கடைக்காரரிடம் "முதுகு பீஸ், பட்டைத் தோல், எண்ணெய் அதிகம் போடாதது" என்று கேளுங்கள், எடுத்துத் தருவார்.